நான்காவது சிமிட்டல்

மஞ்சள் விளக்கு மட்டும் ரொஸ்விதாவின் மண்டையில் ஏறவில்லை என்றுதான் ஓட்டுநர் பள்ளியில் எல்லோரும் நினைத்தார்கள். முந்திச் செல்வது, இடைவெளி விடுவது, பனியில் பிரேக் பிடிப்பது எல்லாம் தலைகீழ்ப் பாடம். மஞ்சள் வந்தால் மட்டும் கை நின்றுவிடும். முதல் தேர்வில் கணினித் திரையில் வந்த அந்தப் படத்தையே வெறித்துப் பார்த்து நேரத்தைத் தொலைத்தாள். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு 'வேகத்தைக் கூட்டிக் கடக்கலாம்' என்பதைத் தொட்டாள். அதற்குப் பின் வந்த கேள்விகளெல்லாம் கண்ணீரில் கலங்கிப்போயின. ஐம்பத்தெட்டு வயதில் இந்தக் கூத்து. கூடப் படிக்கும் சின்னப் பெண்களின் பரிதாபப் பார்வை வேறு.

ஆசிரியர் ஹுபர்ட் பொறுமைசாலி. மஞ்சள் வரப்போகிறது என்று சொல்லத்தானே பச்சை நான்கு தடவை சிமிட்டுகிறது, அதற்கப்புறமும் திகைக்க என்ன இருக்கிறது என்று நயமாகவே கேட்டார். அவளும் தலையாட்டினாள். காரணத்தைச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை.

மூன்றாம் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அதிலும் தோற்றால் கதை முடிந்தது. கணவன் எங்கல்பெர்ட் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு மலைமேல் போவது பள்ளிப் பேருந்து ஒன்றுதான். ஜூலையோடு அந்தத் தடமே கிடையாது என்று நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை காரில் கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவளுக்கு முதுகுவலி வந்துவிட்டது.

போன வருடம் நடந்த கார் விபத்துக்குப் பின் எங்கல்பெர்ட்டுக்குப் பேச்சு போய்விட்டது; இடது கை மட்டும் சொன்னபடி கேட்டது. முப்பது வருடம் பால் லாரி ஓட்டியவன். அவள் தேர்வுப் புத்தகத்திலிருந்து கேள்வியைப் படிப்பாள், அவன் சரியான விடைமேல் விரலை வைப்பான். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் அவள் ஒவ்வொரு நாளையும் ஓட்டினாள். விளக்குகள் பக்கம் வந்தால் மட்டும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள்.

அன்று அவன் விடவில்லை. தட்டுத்தடுமாறித் தாளைத் திருப்பி, மஞ்சள் விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்து அவளைப் பார்த்தான். அவளால் படிக்க முடியவில்லை. அவனை எப்போதும் கூப்பிடும் செல்லப் பெயரில் ஆரம்பித்தாள்.

“பெர்ட்ல்... அன்னைக்கு நீ பிரேக்குக்குக் காலக் கொண்டுபோயிட்ட. எனக்குத் தெரியும். நான்தான் போயிரலாம், அழுத்துன்னு சொன்னேன்.”

விபத்து நடந்தது, மே நடுவில் கடைசிக் குளிரோடு வரும் பனிப் புனிதர்களின் நாட்கள் கழிந்த முதல் சனிக்கிழமை. இனி உறைபனி விழாது என்று, ஜன்னல் தொட்டிகளுக்கு ஜெரேனியம் பூச்செடி வாங்க ஊரே தோட்டக் கடைக்கு ஓடும் நாள். மதியத்துக்குமேல் போனால் நல்ல சிவப்பு கிடைக்காது. பச்சை நான்காவது தடவை சிமிட்டியபோது அவள் எதிர்வீட்டு ஜன்னலைத் தோற்கடிப்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பூவுக்காக அந்த மனிதனை இப்படிக் கிடத்திவிட்டாள்.

அவன் விரல் மெல்ல ஊர்ந்து, 'பாதுகாப்பாக நிற்க முடிந்தால் நிற்க வேண்டும்' என்ற வரிக்கு வந்தது. அவள் கையை இழுத்து அந்த வரியில் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டான். அது மன்னிப்புதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேருந்து வரும்வரை அப்படியே இருந்தார்கள்.

தேர்வில் பதினோராவது கேள்வியாக அது வந்தது. படத்தில் காய்ந்த சாலை, பின்னால் வண்டி ஏதும் இல்லை, நிறுத்தக் கோட்டுக்கு இன்னும் தூரமும் இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான். நின்றிருக்கலாம். தாராளமாக நின்றிருக்கலாம். 'நிற்க வேண்டும்' என்பதைத் தொட்டாள்.

தேறிவிட்டாள். விடைப் பட்டியலில் பதினோராவது கேள்விக்கு நேரே 'சரி' என்று இருந்ததைப் பார்த்ததும் நாற்காலியிலேயே உடைந்து அழுதாள். மேற்பார்வையாளர் எழுந்து வந்து காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

“அழுங்கம்மா, பரவாயில்ல. பாஸாயிட்டா எல்லாரும் இப்படித்தான் சந்தோஷத்துல அழுவாங்க.”