பத்துக்குக் குறைந்தால் சிலர்

1

ஒரே வரியில் நாலு லட்சம் பேரை மாயமாக்கியவன் நான். ஒருவர் மேலும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஓய்வுபெற்ற கையோடு இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்: "ஆரம்பமே புளுகா? ஒரு ரகசியம் கிடைச்சா செருப்பைக் கழட்டறதுக்குள்ள கொட்டிடுற ஆளு நீங்க!"

2

மழை கொட்டிய ஒரு காலையில் மேலாளர்... வேண்டாம். அன்று மழையே இல்லை.

மருந்துக்கடை நிறுவனம் ஒன்றில் விற்பனை அறிக்கை தயாரிப்பது என் வேலை. மேலாளர் அதில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ஒரு கிளை; ஒரு மருந்து; மாதாமாதம் வாங்குபவர் ஒரே ஒருவர்.

"அவங்க விலாசத்தை எடுய்யா. 'உங்க மருந்து தீரப்போகுது'ன்னு வீட்டுக்கே கடிதம் போடலாம்."

"வீட்டுக்குத் தெரியாம வாங்குறவங்களா இருந்தா, சார்?"

"இது வியாபாரம்யா. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா, நீ கிடங்குக்குப் போய்ப் பெட்டி எண்ணு."

3

மேலாளரை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன், மீசைகூட வைத்தேன். பிறகு அழித்துவிட்டேன். பாவம், எங்கே எவ்வளவு சரக்கு போகும் என்பதுதான் அவர் கவலை. அதற்கு எண்ணிக்கை போதுமே, விலாசம் எதற்கு?

வெள்ளிக்கிழமை அதே அறிக்கையை ஊழியர்கள் வாங்கிய மருந்துகளுக்குப் போட்டு, திரையில் காட்டினேன். பதவி: மேலாளர். ஆள்: ஒருவர். மருந்து என்ற கட்டம் திரைக்கு வலப்பக்கம் மறைந்திருந்தது.

"நகர்த்தட்டுமா, சார்?"

"மூடுய்யா!"

இருநூறு பேர் மூச்சுவிட மறந்தார்கள். (அறையில் இருந்தது ஏழு பேர். அந்தக் கட்டத்தையும் நான் காலியாகத்தான் விட்டிருந்தேன்.)

அன்றே அறிக்கை தயாரிக்கும் கணினி நிரலில் என் ஒரு வரி ஏறியது: பெயரும் விலாசமும் கல்லாவோடு நிற்கும், அறிக்கைக்கு எண்ணிக்கை மட்டும் வரும், அதுவும் பத்துக்குக் குறைந்தால் 'சிலர்'. நாலு லட்சம் வாடிக்கையாளர்கள் அறிக்கையிலிருந்து மாயம்.

4

முடிவு அ: அந்த ஒருவர் என்னைத் தேடி வந்து நன்றி... [அவர் யாரென்று எனக்கே தெரியாது. எங்கிருந்து வருவார்?]

முடிவு ஆ:

இதுவரை படித்த மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ, மருந்து தீர்ற நேரத்துல இனிமே கடிதாசி வீட்டுக்கே வரும்னு உங்க மருந்துக்கடைப் பொண்ணு சொல்லுச்சு. உங்க கையில கிடைக்கிறதுக்கு முன்னாடி எடுத்திடணும்னு தபால்காரருக்காக ஒரு மாசம் வாசல்லயே நின்னேன். வரவே இல்ல."

என்ன மருந்து என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். வாசகரே, நீங்களும் கேட்காதீர்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

"புளுகு இல்லங்க," என்றாள். "நடந்ததுதான்."