இடது கன்னம்

போட்டோ ஸ்டூடியோக்காரருக்கு மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு. கை கால் தப்பியது. வாயின் இடது ஓரம் மட்டும் இறங்கிவிட்டது. டாக்டர் சிரிக்கச் சொன்னார். வலது கன்னம் ஏறியது, இடது அசையவே இல்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் உட்காரப்போன சுழல் நாற்காலி வழுக்கி ஓட, அவர் மேசையைப் பிடித்துத் தொங்கினார். ஸ்டூடியோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு கன்னமும் ஒழுங்காக ஏறின.

"நடிக்கிறாரா டாக்டர்?" என்றாள் மனைவி.

"இல்லம்மா. நாமா வரவழைக்கிற சிரிப்புக்கு மூளையில ஒரு வழி. தானா வர்ற சிரிப்புக்கு வேற வழி. இவருக்கு முதல் வழிதான் அடைச்சிருக்கு. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான். இடது கன்னம் ஏறினால் நிஜம், ஏறாவிட்டால் பொய் என்று வீடு வருவதற்குள் முடிவு கட்டிவிட்டாள். கன்னம் சரியாகிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தெரியாது. அதனால் அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"சமையல் எப்படிங்க?"

"பிரமாதம்." வலது மட்டும்.

வாடகை வாங்க வரும் வீட்டுக்காரம்மா மாதிரி நடந்து காட்டினாள். வருஷக்கணக்காக அவர் சிரித்துவந்த நடை அது. வலது மட்டும். மறுநாள் கொழுந்தன் வந்து அரதப் பழசான ஜோக் ஒன்றைச் சொன்னான், இரண்டும் ஏறின. பக்கத்து வீட்டு நாய் தும்மியது, அதற்கும் இரண்டும். இத்தனை வருஷக் குடித்தனமும் வெறும் மரியாதைச் சிரிப்புதானா? நாயைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

டீ கொடுக்க ஸ்டூடியோவுக்குப் போனபோதும் அவள் கண் அங்கேயே இருந்தது.

"என்ன, வந்ததுலேருந்து என் கன்னத்தையே பாக்குற?"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். "என்கிட்ட சிரிச்சதெல்லாம் பொய்தானே?"

அவர் மறுக்கவில்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அவளுடைய படங்களைக் காட்டினார். எல்லாம் அவர் எடுத்தவை.

"நிஜமாச் சிரிச்சா கண்ணு சுருங்கும். அதைச் சொல்லி வரவைக்க முடியாது, என் தொழிலே அதோட மல்லுக்கட்டுறதுதான். இதுல ஒண்ணுலயாவது உன் கண்ணு சுருங்கியிருக்கா பாரு."

பார்த்தாள். ஒன்றில்கூட இல்லை.

"என் ஜோக்குக்கும் இப்படித்தான் சிரிப்ப. நான் எப்பவாவது கேட்டேனா?"

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"எனக்காக மெனக்கெட்டுச் சிரிக்கிறாளேன்னு நினைச்சுக்குவேன்."

போலீஸாக வந்தவள் திருடியாக நின்றாள். சமாளிப்பாக ஒரு புன்னகை செய்தாள்.

"இதோ, இதுவும் பொய்" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய இடது கன்னம் ஏறியது.