வெள்ளிக்கிழமை தெரியாத கம்பியூட்டர்

கிட்ட வாங்க, கண்ணுகளா. கதவோரம் குளிரும், இப்படி என் பக்கமாக நெருங்கி உட்காருங்கள். பாலாம்பிகையும் அவள் புருஷனும் ஒரு வெள்ளிக்கிழமை பட்ட பாட்டைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், நல்லபடியாகத்தான் முடியும்.

மஹய்யாவையில் முத்துலிங்கத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. கண்டி டவுனில் உள்ள கந்தோர்களுக்கு, அதுதான் ஆபீஸ்களுக்கு, அங்கிருந்து தினமும் அறுபது சோற்றுப் பார்சல் போகும். யாருக்கு மீன், யாருக்கு மரக்கறி, எல்லாம் அவர் தலைக்குள். மனைவி பாலாம்பிகைக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. நாற்பத்திரண்டு வயதில், சனி ஞாயிறுகளில் எம்.பி.ஏ. படித்தாள். மற்றப் பாடமெல்லாம் தாண்டிவிட்டாள். தகவல் தொழில்நுட்பத்தில் மட்டும் ஒருமுறை விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் பட்டம் கிடையாது, மூன்று வருடப் படிப்பும் வீண்.

அந்தப் பாடத்துக்கு ஒரு வியாபாரத்தை எடுத்து, அதற்கு ப்ரோக்ராம் செய்து, விரிவுரையாளர் தாஸிம் சார் முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும். புருஷன் கடையையே எடுத்துக்கொண்டாள். திங்கள் முதல் வியாழன் வரை லீவு போட்டுக் கடையில் உட்கார்ந்து, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பதிந்தாள். அதை வைத்து மறுநாள் பட்டியலைக் கம்பியூட்டரே போட்டுவிடும்.

வியாழன் இரவு புருஷனிடம் சொன்னாள்: "நாளைக்கு தாஸிம் சார் வர்றாரு. லிஸ்ட்ல உள்ளபடிதான் கட்டணும். நீங்க வாயே தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன் தாயே."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

காலையில் தாஸிம் சார் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டினார். மீன் நாற்பத்தொன்று. முத்துலிங்கத்தின் முகம் ஒரு மாதிரியாகப் போனது, வாய் மட்டும் திறக்கவில்லை. பதினொரு மணிக்குப் பார்சல்களோடு ஓட்டோ போய் வந்தது. சார் வாசலில் நின்று யாரோடோ போன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே கடை போன் அடித்தது. தபால் கந்தோர் பொன்னையா.

"என்னம்மா, வெள்ளியும் அதுவுமா மீனா? முத்துவுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

பாலாம்பிகை பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளே மீன் தொடமாட்டாள்! தன் தட்டில் கிடக்கிற வழக்கத்தைக் கம்பியூட்டருக்குச் சொல்ல மறந்திருக்கிறாள்.

முத்துலிங்கம் பின்கட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார். இருபத்தெட்டு மரக்கறிப் பார்சல், சுடச்சுட.

"இது எப்பக் கட்டுனது?"

"வாயத் தொறக்க மாட்டேன்னுதானே சொன்னேன். அடுப்பப் பத்தவைக்க மாட்டேன்னு சொல்லலியே." குரலைத் தாழ்த்தினார். "சார் கவனிக்கல. நான் போய் மாத்திட்டு வந்துடறேன். நீ ஒண்ணும் சொல்லாத, அம்பிகா."

ஓட்டோ புறப்பட்டது. சார் உள்ளே வந்தார்.

"எல்லாம் சரியாப் போச்சா?"

ஒரே ஒரு 'ஆமா' போதும், பட்டம் கையில். அவள் ஓட்டோ போன பாதையைப் பார்த்தாள்.

"இல்ல சார். கம்பியூட்டர் பிழை விட்டுருச்சு. அவர்தான் காப்பாத்துனாரு."

சார் முழுவதையும் கேட்டார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். "நானும்தானே லிஸ்ட்டப் பாத்தேன். வெள்ளின்னா எனக்கு ஜும்ஆத் தொழுகை மட்டும்தான் ஞாபகம். இத மறைச்சிருந்தீங்கன்னா ஃபெயில்தான் போட்டிருப்பேன். அடுத்த வெள்ளி வர்றேன், திருத்தி வைங்க."

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வந்தவள், போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த புருஷன் எதிரே உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொல்லாதது வேற என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சத என்னத்தச் சொல்ல?" என்றார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. "பொன்னையா கார்த்திகை முழுக்க மாலை போட்டிருப்பாரு, சுத்த சைவம். நோன்பு மாசம் பஹ்மிக்குப் பார்சல் அனுப்பக் கூடாது. வில்பிரட் பெரிய வெள்ளிக்குப் பார்சலே வேணாம்பாரு..."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். போஞ்சி முடிந்து கரட்டும் முடிந்தது.

அடுத்த வெள்ளி ஒரு போன்கூட வரவில்லை. சார் பாஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஜும்ஆவுக்கு ஓடினார்.

"பெட்டி ஏதும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?" என்று பாலாம்பிகை சிரித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு."

எடுத்துத் தந்தார். பலாக்கொட்டைக் கறி, அவளுக்குப் பிடித்தது. அந்த ஒரு பார்சல் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

போய்ப் படுங்கள், தங்கங்களே. உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையாமல் இருக்கட்டும். நீங்கள் வாய்விட்டுக் கேட்காததையும் எடுத்து வைக்கிற ஒரு கை அந்த அடுப்படியில் நீடூழி நல்லாயிருக்கட்டும்.