ஆணியில் கொழுவிய பேணி

கந்தோரில் எல்லாருக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர் வரும். ஐயாத்துரைக்கு மட்டும் தகரப் பேணியில் வரும். அந்தப் பேணி பின்கதவுக்கு வெளியே, சாரல் அடிக்கிற சுவரில், ஓர் ஆணியில் தொங்கும். குடித்து முடித்ததும் அவனே வாளித் தண்ணீரில் கழுவி, அவனே ஆணியில் கொழுவிவிட வேண்டும். எழுத்தில் இல்லாத சட்டம்தான். ஆனால் காணி பிரித்துக் கொடுக்கிற மாங்குளத்துக் குடியேற்றக் கந்தோரில் எழுத்தில் இருந்த எந்தச் சட்டமும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

எழுத்தில் ஒன்று வரத்தான் வந்தது. ஐம்பத்தேழாம் ஆண்டு, சாதி காட்டி ஒருவனை ஒதுக்குவது குற்றம் என்று பாராளுமன்றம் சட்டம் போட்டது. அதன் சுற்றறிக்கையைத் தலைமைக் கிளாக்கர் இளையதம்பியர் இரண்டு தரம் வாசித்தார். உரிய கோவையில் போட்டார். அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பேணி ஆணியிலேயே கிடந்தது. அதை வாங்கிவைத்தவரும் அவர்தான். அரசாங்கக் காசில் அல்ல, சொந்தக் காசில். எச்சில் கையால் காகம் கலைக்காத மனிதர், இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் மடியை அவிழ்த்திருந்தார்.

ஐயாத்துரை வடமராட்சியில் கள்ளுச் சீவிய தகப்பனுக்குப் பிறந்தவன். "எங்கடை கையிலை இருக்கிற கள்ளுமுட்டி என்னோடை போகட்டும், நீ தொடாதை" என்று தகப்பன் சொல்லிச் சொல்லி மிசன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். மகன் சோதனை பாஸ்பண்ணிக் கிளாக்கராகி வன்னிக்கு வந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கந்தோரின் கடிதம் முழுக்க அவன் எழுதியதுதான். அவன் எழுதிய கடதாசியை இளையதம்பியர் தொடுவார், கையெழுத்தும் வைப்பார். அவன் தொட்ட கோப்பைதான் தீட்டு. கடதாசிக்கு ஒரு சாதி, கோப்பைக்கு ஒரு சாதி என்று எந்த வேதத்தில் இருக்கிறதோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

இதையெல்லாம் ஐயாத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினான். விழுங்க முடியாதது கிணற்றடியில் நடந்தது.

மாங்குளம் சந்திக்குப் பின்னால் கிடைத்த காணித் துண்டில் ஒரு மண்வீடு போட்டு அவனும் மனைவி இரஞ்சிதமும் பிள்ளையும் இருந்தார்கள். தண்ணீருக்குப் பொதுக்கிணறு. பொது என்றால் அவளைத் தவிர்ந்த பொது. அவள் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனம் இரங்கி அள்ளி ஊற்ற வேண்டும். ஆனி மாதத்து வெயிலில் ஒருநாள் உச்சிப்பொழுதிலிருந்து நின்றாள். ஒருவரும் வரவில்லை. வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. அவள் போய்த் துலாவைப் பிடித்து ஒரு குடம் அள்ளிவிட்டாள்.

அவ்வளவுதான். இளையதம்பியரின் மனைவி அன்னபாக்கியம் கண்டு கூப்பாடு போட, நாலு பேர் கூடி இரஞ்சிதத்தின் குடத்தைக் கல்லில் போட்டு உடைத்தார்கள். பிறகு ஆள் பிடித்துக் கிணற்றையே இறைத்தார்கள். மாடு நாக்கு வறண்டு விழுகிற ஆனி மாதத்தில், ஒரு கிணற்றுத் தண்ணீரைத் தெருவில் ஓடவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார்கள். ஐயாத்துரை வேலையால் வரும்போது அந்தத் தண்ணீரில் மிதித்துத்தான் வந்தான்.

அன்று பின்னேரமே தன் வீட்டு வளவில் கிணறு வெட்ட மண்வெட்டியைப் போட்டான். பதினைந்து அடி வரை மண் வந்தது. பிறகு கல் வந்தது. கல் என்றால் வெடிகாரனைக் கூப்பிட வேண்டும், வெடிமருந்து வாங்க வேண்டும். கந்தோர்ச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே காணாது. பின்னேர வேலையாக ஒன்று தேடினான். ஆலைக்காரன் கையை விரித்தான். கடைக்காரன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். மிஞ்சியது ஏரம்பு முதலாளியின் சாராயப் பார். கிளிநொச்சி போகும் வரைக்கும் வேறு பார் இல்லாத இடம். அங்கே வார்த்துக் கொடுத்தவன் கலியாணம் கட்டிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய்விட்டிருந்தான்.

"கந்தோர் உத்தியோகம் பாக்கிறனீ, உனக்கேன் உந்த வேலை?" என்று ஏரம்பு கேட்டார்.

"கிணறு வெட்டுறன் முதலாளி. கல்லு வந்திட்டுது."

"அரசாங்க ஆக்கள் வேறை தொழில் செய்யப்படாதெண்டு ஒரு விதி இருக்காமே?"

"ஓம், இருக்கு. பிடிபட்டால் வேலை போயிடும்."

ஏரம்பு காதைச் சொறிந்தார். அவருக்குக் கவலை அந்த விதியைப் பற்றியது அல்ல.

"சொல்லுறனெண்டு கோவியாதை. நீ வாத்துக் குடுத்தால் ஆர் வாங்கிக் குடிப்பினம்?"

"ஒரு கிழமைக்குப் பாருங்கோ. ஆரும் குடியாட்டி நானாப் போறன்."

இதைச் சொல்லும்போது ஐயாத்துரைக்கு முகம் எரிந்தது. தகப்பன் முட்டியைத் தொடாதே என்றான். மகன் போத்தலைத் தொட வேலை கேட்டு நிற்கிறான். படித்த படிப்பெல்லாம் சுற்றிச் சுழன்று புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டது.

முதல்நாள் ஐந்தரை மணிக்கு உள்ளே வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இளையதம்பியரேதான். வழக்கமான கதிரையில் இருந்தார். தலையை நிமிர்த்தினார். ஐயாத்துரையின் கையைப் பார்த்தார். கையில் இருந்த போத்தலைப் பார்த்தார். இளையதம்பியரின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"அரை கிளாஸ். சோடா வேண்டாம்" என்றார்.

ஐயாத்துரை வார்த்தான். அவர் குடித்தார். மரை இறைச்சி வத்தல் பொரியல் கேட்டார். அதையும் அவன் கையாலேயே வாங்கித் தின்றார். ஏழு மணிக்குள் அவன் "தம்பி" ஆகிவிட்டான்.

அடுத்தநாள் காலை கந்தோரில் "எடேய், அந்தக் கோவையைக் கொண்டா" என்றார். பத்து மணிக்குத் தேநீர் வந்தது. பியோன் பக்கீர் தலையைக் குனிந்துகொண்டு பேணியை நீட்டினான்.

இப்படியே நாலு மாதம். பகலில் எடேய், பின்னேரத்தில் தம்பி. கந்தோரிலிருந்து இளையதம்பியர் மட்டுமா வந்தார்? ஓவசியர் வந்தார், களஞ்சியக்காரர் வந்தார், கிணறு இறைக்க ஆள் பிடித்தவரும் வந்தார். தேநீருக்கு இருந்த தீட்டு, சாராயத்துக்கு இல்லை. ஐயாத்துரைக்கு அது சிரிப்பாக வரவில்லை. அவர்கள் குடித்துவிட்டு வைத்த கிளாஸ்களை அவன்தான் கழுவினான். அவர்களுடைய எச்சிலை இவன் கழுவலாம், இவனுடைய பேணியையும் இவனே கழுவ வேண்டும். ஒவ்வொரு கிளாஸையும் கழுவக் கழுவ நெஞ்சுக்குள் கனன்றது. ஆனால் வளவில் வெடி வெடித்தது. கல் துண்டு துண்டாக மேலே வந்தது. அதற்காகப் பொறுத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை இளையதம்பியர் நல்ல வெறியில் இருந்தார். பார் நிறைய ஆட்கள்.

"தம்பி, உன்ரை கையாலை வாத்தால் தனி ருசியடா" என்றார்.

அதுவரைக்கும் கட்டிவைத்திருந்தது அறுத்துக்கொண்டு போனது.

"அப்பிடியெண்டால் ஐயா, திங்கட்கிழமை கந்தோரிலை தேத்தண்ணியும் என்ரை கையாலை தரட்டோ?"

ஓவசியர் சுவரைப் பார்த்தார். இளையதம்பியர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு, சால்வையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் மேலிடத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போனது. குடியேற்றக் கந்தோர்க் கிளாக்கர் ஐயாத்துரை விதியை மீறிச் சாராயக் கடையில் வேலை செய்கிறார் என்று. கீழே பெயர் இல்லை. பெயர் எதற்கு, யார் எழுதியது என்று பக்கீரின் வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

விசாரணைக்கு வவுனியாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நரைத்த மீசை, மட்டக்களப்புப் பேச்சு, அவசரப்படாத மனிதர். கந்தோரின் நடு அறையில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அப்போதுதான் எல்லாருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. ஐயாத்துரை வார்த்ததைக் கண்டேன் என்று சொல்ல வேண்டுமானால், நான் அங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். இருந்து என்ன செய்தாய் என்று கேட்டால், அவன் கையால் வாங்கிக் குடித்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு கிணற்றடியில் முகம் காட்டுவது எப்படி?

"நான் ஒருநாளும் காணேல்லை" என்றார் ஓவசியர்.

"எனக்குப் பார் இருக்கிற இடமே தெரியாது" என்றார் களஞ்சியக்காரர்.

இளையதம்பியர் நெற்றியில் முழுநீறு பூசி வந்திருந்தார். "நான் உந்தச் சாமானைக் கையாலும் தொடுறேல்லை" என்றார். ஏரம்பு முதலாளி, இந்தப் பெடியன் சும்மா பேப்பர் வாசிக்க வந்து நிற்கிறவன் என்றார். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி.

கடைசியாக ஐயாத்துரையைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பேனையை மூடிவைத்தார்.

"சாட்சி ஒருத்தருமில்லை. நீர் 'இல்லை' எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் நான் இந்தக் கோவையை மூடிப்போட்டுப் போவன்."

காலையில் இரஞ்சிதம் சொல்லி அனுப்பியதும் அதுதான். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டெண்டு சொல்லுறவை. இண்டைக்கு மட்டும் உங்கடை கோவத்தை வீட்டிலை வைச்சிட்டுப் போங்கோ. இன்னும் ரெண்டு வெடிதான்." அவன் சரி என்றுதான் வந்தான். இல்லை என்று சொல்ல வாயையும் திறந்தான். இளையதம்பியர் கதவோரம் நின்றார். அவருடைய முகத்தில் பயம் இல்லை. இவன் சொல்லமாட்டான் என்ற நிம்மதிதான் இருந்தது. எங்கள் மானத்தைக் காப்பாற்றினால் உன் வேலை தப்பும் என்று சொல்லுகிற முகம். ஐயாத்துரைக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"ஓம் ஐயா, செய்தனான். நாலு மாசம் செய்தனான். எழுதுங்கோ" என்றான்.

அதிகாரி பேனையைத் திறக்காமல் அவனைப் பார்த்தார்.

"எழுதுங்கோ. இளையதம்பி ஐயாவுக்கு அரை கிளாஸ், சோடா இல்லாமல், பிறகு இன்னொரு அரை. ஓவசியர் ஐயாவுக்குச் சோடாவோடை. களஞ்சியக்காரருக்குப் பொரிச்ச வத்தல் உறைப்பாய் வேணும். எல்லாம் என்ரை கையாலைதான். அவையள் குடிச்ச கிளாஸும் நான்தான் கழுவினனான். ஒரு சொல்லும் விடாமல் அரசாங்கக் கடதாசியிலை எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினார்கள். அவன் முத்து முத்தாகக் கையெழுத்து வைத்தான். இரண்டு கிழமையில் வேலைநீக்கக் கடிதம் வந்தது. பொய் சொன்னவர்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

இரஞ்சிதம் அன்று முழுக்க அழவில்லை. பின்னேரம் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினாள். "நிண்டு பாக்காதையுங்கோ. கயித்தைப் பிடியுங்கோ" என்று கீழேயிருந்து கத்தினாள்.

கந்தோர்ப் பொருட்களை ஒப்படைக்கப் போனான். முத்திரை, அலுமாரித் திறப்பு, கோவைகள் எல்லாவற்றையும் பக்கீர் பட்டியலைப் பார்த்து வாங்கினான். பிறகு பின்கதவைத் திறந்து பேணியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"இது பட்டியலிலை இல்லை தம்பி. நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

இப்போது ஐயாத்துரை முழுநாளும் பாரில்தான். முதல் மூன்று நாளும் கந்தோர் ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. நாலாம்நாள் ஆறு மணிக்கு இளையதம்பியர் வந்தார். வழக்கமான கதிரை. முகத்தைத் துடைத்தார். ஒன்றுமே நடக்காததுபோல, "தம்பி, அரை" என்றார்.

தம்பியாம்! ஐயாத்துரை கீழே குனிந்து தகரப் பேணியை எடுத்தான். அரை கிளாஸ் அளந்து அதில் வார்த்து அவருக்கு முன்னால் வைத்தான்.

இளையதம்பியருக்குப் பேணியைத் தெரிந்தது. கண் சிவந்தது. "இதென்னடா இது?"

"உங்கடை சாமான்தான் ஐயா. உங்கடை காசிலை வாங்கினது."

லொறிக்காரர் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இளையதம்பியர் பேணியை ஒரு சாண் தள்ளி வைத்தார். பிறகு பேணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னொண்டு" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"பின்பக்கம் வாளியிலை தண்ணி இருக்கு, சுவரிலை ஆணியும் இருக்கு. பேணியிலை குடிச்சவைதான் கழுவ வேணும்."

அவர் விறுக்கென்று எழுந்தார். கதிரை விழுந்தது. வாசற்படி வரைக்கும் போனார். கிளிநொச்சிக்குப் போகிற கடைசி பஸ் போய் அரை மணித்தியாலம். வெளியே றோட்டு வெறுமையாகக் கிடந்தது. அவர் அங்கேயே சற்றுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, ஒருவரையும் பாராமல் பேணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

வாளியில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது. ஐயாத்துரை போத்தலைப் பிடித்தபடி நின்றான். இந்தச் சத்தத்தைக் கேட்டால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தான். ஆறவில்லை. அது ஒரு குடிகாரன் பேணி கழுவுகிற சத்தம், அவ்வளவுதான். தெருவில் ஓடவிட்ட கிணற்றுத் தண்ணீர் இதால் திரும்பி வராது.

"வடிவாக் கழுவிப்போட்டு ஆணியிலை கொழுவுங்கோ ஐயா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "நாளைக்கும் அதுதான்."