மூன்று கோட்டிங் நீலம்

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக அருப்புக்கோட்டையில் கரண்டை நிறுத்திய நாள். கம்ப்யூட்டர் ஓடாது என்பதால் எழுதாமல் இருக்க நல்ல சாக்கு கிடைத்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுத் தங்கச்செல்வி தன் பீரோவைத் தம்பியோடு சேர்ந்து நடுத்தெருவுக்கு இழுத்து வந்தாள். கையில் நீலப் பெயிண்ட் டப்பா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விதி அவளை மீண்டும் பிறந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து—"

[விட்டுவிட்டேன். விதி எதையும் கொண்டுவரவில்லை. புகுந்த ஊரான பாலவனத்தத்திலிருந்து லோடு ஆட்டோதான் கொண்டுவந்தது.]

2

விஷயம் இதுதான். கல்யாணம் முறிந்தால் சீர் சாமான் திரும்பி வரும். தங்கச்செல்விக்குக் கொடுத்த கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள் மூன்றும் போன வருஷம் வந்தன. பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவரச் சொல்லி, பின்னறையில் அடைத்து, பழைய சேலையால் மூடிவைத்தார் அவள் அம்மா சண்முகவடிவு. வாழாமல் திரும்பிய கட்டிலில் யாரும் படுக்கக் கூடாதாம். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று பில் போட்டுவிட்டு வருகிறவள், அதே அறையில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது தம்பி கோகுலுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டும் என்றார் அம்மா.

"வந்தவுக, இது யாரு சாமான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"எஞ்சாமான்னு சொல்லு. நான் பெயிண்டு அடிச்சுப் பொழங்கப் போறேன்."

"அடிச்சு நல்லா இல்லேன்னா?"

"நானே தூக்கிப் போட்டுர்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அதுவரை பிரஷ்ஷைக் கையால் தொட்டவள் இல்லை.

3

செல்போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, முதல் கோட்டிங்கும் அடித்தாள். வீடியோ போட்ட புண்ணியவான் விசைத்தறித் தெருவில் குடியிருந்தவர் இல்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பீரோவுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்திருந்தது. இரண்டு பக்கமும் தறிக்கூடம். பறக்கிற பஞ்செல்லாம் ஈரப் பெயிண்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"எக்கா, ஷேவிங் பண்ணி விடவா?" என்றான் கோகுல்.

பஞ்சை மட்டும் தேய்த்து எடுத்தாள். சன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி அடைத்து இரண்டாவது கோட்டிங் அடித்தாள். ஓட்டு வழியாக இறங்கியது பஞ்சு. மறுபடியும் தேய்த்தாள்.

அப்போதுதான் கரண்டு நிறுத்தும் அறிவிப்பு வந்தது. தறி நின்றால் பஞ்சு பறக்காது. ஆனால் தறி நின்றால் தெருவே வேலையில்லாமல் வாசலுக்கு வந்துவிடும். பின்னறையோ கரண்டு இல்லாமல் இருட்டு, காலை வைத்தால் தரையில் கிடக்கிற பஞ்சு எழும். தெருவில் வைத்துத்தான் அடித்தாக வேண்டும். இருட்டில் ஒளித்துக் கொண்டுவந்த சாமானை, ஊரே உட்கார்ந்து பார்க்கிற அந்த ஒரு நாளில்.

[வாசகரே, நானாக இருந்தால் பழைய சாமான்காரருக்குப் போன் போட்டிருப்பேன்.]

4

பக்கத்துத் தறிக்கூடத்துக்காரி சௌந்தரம் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார். "ஏத்தா, இது அந்தப் பாலவனத்தத்துச் சாமான்தான?"

"ஆமாத்தே. தள்ளி நில்லுங்க, சேலையில ஒட்டிரும்."

இந்த இடத்தில் "அவள் கண்களில் நீர் கோத்தது" என்று எழுதியிருந்தேன். எழுதியதை அவளிடமே படிக்கக் கொடுத்ததுதான் வினையாகிவிட்டது.

"நான் எங்கக்கா அழுதேன்?"

"கதைக்கு வேணும்ல..."

"வேணும்னா நீங்க அழுங்க. டர்பன்டைன் எரிச்சல்ல கண்ணத் தொடச்சேன், அம்புட்டுத்தான்."

வெட்டிவிட்டேன்.

இன்னொன்று. சீர் பீரோவின் கதவில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் எழுதித் தருவது வழக்கம். புது நீலத்துக்கு அடியில் அந்தப் பெயர்கள் லேசாகத் தெரிந்தன என்று எழுதி, நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"மூணு கோட்டிங் அடிச்சிருக்கேன். எப்படிக்கா தெரியும்? வந்து பாருங்க!"

போனேன். சாய்ந்து பார்த்தேன், குனிந்து பார்த்தேன், செல்போன் வெளிச்சத்தை அடித்தும் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. சுத்தமான நீலம். என் நல்ல வாக்கியம் போனதில் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான்.*

* பீரோவின் பின்பக்கம் ஒரே ஒரு பஞ்சு ஒட்டியிருக்கிறது. "செவத்தப் பாத்த பக்கம்க்கா, அத எழுதாதீங்க" என்றாள். எழுதவில்லை.

5

காலையிலிருந்து அம்மா வெளியே தலைகாட்டவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். சாயங்காலம்தான் வரும் என்று சொன்ன கரண்டு மூன்று மணிக்கே வந்துவிட்டது. முதல் தறி ஓடும் சத்தம் கேட்டது. கடைசிக் கோட்டிங் இன்னும் கையில் ஒட்டுகிற பதம். தங்கச்செல்வி பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கதவு படாரென்று திறந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார் சண்முகவடிவு.

"ஏலே கோகுலு! ஓடியாங்கடா எல்லாரும்! பஞ்சு ஒட்டப்போகுது! எம்மக அடிச்ச பெயிண்டுடா, தொடாமத் தூக்குங்கடா!"

தொடாமல் எப்படித் தூக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடியில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். சௌந்தரம் எழுந்து போய்த் தன் தறிகளை நிறுத்திவிட்டு வந்தார்.

[இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு கூச்சல் வைத்திருக்க மாட்டேன்.]

6

முடிவு. அந்தக் கணவர் கேள்விப்பட்டு வருந்துவதாக ஒன்று எழுதினேன். "அவுகளுக்கு இதுல என்னக்கா வேல?" என்று கிழித்துவிட்டாள். பெண் வீட்டார் மெச்சிப் பேசி, எல்லாரும் கேசரி சாப்பிட்டு— [எனக்கே திகட்டியது.]

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சண்முகவடிவே பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். பெண்ணின் தாயார் பீரோவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, யாரு சாமான் இது?" என்று கேட்டார். அம்மா மகளைப் பார்த்தார். தங்கச்செல்வி வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அழாதவளை அழவைத்தேன், தெரியாத பெயரைத் தெரியவைத்தேன். இந்த வரி உங்களுக்கு:

"....................................."

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அவள் தலையை மட்டும் குனிய வைக்காதீர்கள். எழுதி முடித்ததும் எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். வேலை விட்டு வந்து படித்துப் பார்ப்பாள், அந்தக் கட்டிலில் சாய்ந்துகொண்டு.