வழி விடுகிறவர்கள்

காரில் ஏறியதும் ஜட்ஜு சீட் பெல்ட்டை மாட்டி, பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். பிறகு குனிந்து ஓட்டுநர் இருக்கையிலிருந்த பல்லுவின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தான். ஜட்ஜு சவரம் செய்து பல நாளாகியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தன. ஆனாலும், கண்ணாடியைச் சரிசெய்தாயா, பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கேட்ட குரல் பழைய குரலேதான். வாசலில் நின்ற ஜட்ஜுவின் மனைவி கையசைக்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் அசைத்தது.

கல்லூரி விடுதியில் யாருடைய வாளியை யார் எடுத்தார்கள் என்பதுவரை தீர்ப்புச் சொன்னதால் அவன் ஜட்ஜு. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் இவனுக்கு ஜட்ஜு வைத்த பெயர் பல்லு. இந்த நாட்டுக்கு முதலில் வந்தது ஜட்ஜு. பின்னால் வந்த பல்லுவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். ஊரில் பத்து வருஷம் ஓட்டிய மிதப்போடு தேர்வுக்குப் போனவனைத் தேர்வாளர் பாதி வழியிலேயே திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். ஒரு கிழவி தெருவில் கால் வைப்பதற்குள் முந்திக்கொண்டு போனதுதான் குற்றம். ஊரில் அதற்குப் பெயர் சாமர்த்தியம். ஜட்ஜு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலியான தெருக்களில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாடம் எடுத்தான். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் முதலில் வந்தவன் முதலில் போக வேண்டும். சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் முகப்பு விளக்கைச் சிமிட்டி அடுத்தவனுக்கு வழி விட வேண்டும். நடக்கிறவன் எப்போது இறங்கினாலும் நிற்க வேண்டும். ஹாரன் என்பது இங்கே கெட்ட வார்த்தை. மாமியாரைத் திட்டினாலும் திட்டு, ஹாரனில் கை வைக்காதே என்பான்.

அந்த விளக்குச் சிமிட்டல்கள் எப்போது ஜட்ஜுவுக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லா ஓட்டுநர்களுக்கும் தன்னைத் தெரியும், தகவல் போயிருக்கிறது, அதனால்தான் சிமிட்டுகிறார்கள் என்று ஒரு நாள் சொன்னான். பல்லு அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டு சிரித்து வைத்தான். பிறகு ஜட்ஜு அலுவலகம் போகாமல் சாலையோரம் நிற்பதாக அவன் மனைவி சொன்னாள். காலைக் கீழே வைத்தால் வண்டிகள் நிற்கின்றன, எடுத்தால் போகின்றன. நாள் முழுக்க அதைச் சோதித்துக்கொண்டிருந்தானாம். ஒரு முறை மருத்துவரைப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டான், தெளிந்தான், தெளிந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினான். போன வாரம் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய சாலைக்குப் போயிருக்கிறான், அப்பா கால் வைத்தால் எல்லாம் நிற்கும் என்று காட்ட. லாரி நின்றது. தார்ச்சாலையில் டயர் தேய்ந்த கறுப்புக் கோட்டை மறுநாள் பல்லு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். குழந்தை கைதட்டிச் சிரித்ததாம்.

நேற்று போனில் ஜட்ஜுவின் மனைவி அழவில்லை. அழுது முடித்த குரலில் பேசினாள்.

"நாளைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க அண்ணா. அவரு வரலன்னா நான் அவசர நம்பருக்குப் போன் பண்ணிடுவேன். யூனிபார்ம்ல நாலு பேர் வந்து கையக் கட்டித் தூக்கிட்டுப் போவாங்க. அத இந்தக் கொழந்த பாக்கணுமா சொல்லுங்க. நீங்க கூப்பிட்டாதான் அவரு வருவாரு."

அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார் என்றும் சொன்னாள். பல்லு சரி என்றான். இன்று வாசலில் ஜட்ஜுவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு. எனக்குத் தலை சுற்றுகிறது, டாக்டரிடம் போகத் துணைக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டான். ஜட்ஜு மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டினான்.

அதனால் இப்போது பல்லு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். ஒவ்வொரு முறை வேகம் குறைக்கும்போதும் ஜட்ஜுவின் பக்கத்துக் கதவுப் பிடியை ஓரக்கண்ணால் பார்த்தான். முதல் நாற்சந்தியில் எதிரே வெள்ளைக் கார் ஒன்று விளக்கைச் சிமிட்டியது. ஜட்ஜு நிமிர்ந்து உட்கார்ந்தான். பாத்தியா என்று மட்டும் கேட்டான், சந்தோஷமில்லாமல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அலுவலகத்திலிருந்து போன் வருகிறவனைப் போல. பல்லு வண்டியை நகர்த்தினான். அந்தக் கார்க்காரன் கொஞ்சம் மரியாதை குறைந்தவனாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. தெரு முழுக்க இப்படி நல்லவர்களாக இருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்.

"எப்பலேர்ந்துடா மயக்கம்?"

"ரெண்டு மூணு நாளா."

"உக்காந்திருக்கும்போதா, நிக்கும்போதா?"

"ரெண்டுலயும்தான்."

ஜட்ஜு யோசித்தான். வெளியே வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், வெட்டிவிட்ட வேலிச்செடிகள். மருத்துவமனைக்கு இன்னும் இரண்டு திருப்பங்கள்.

"அப்ப நீ எப்படிடா வண்டி ஓட்டுற?"

இப்போது பரவாயில்லை என்றான் பல்லு. ஜட்ஜு விடவில்லை. பரவாயில்லை என்று சொன்னவன்தான் போய் மரத்தில் மோதுவான் என்றான். மோதினால் காப்பீட்டுக்காரன் ஒரு காசு தரமாட்டான் என்றான். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இத்தனை மாதத்தில் அவன் பேசியதில் இதுதான் சுத்தமான பேச்சு.

"ஓரமா நிறுத்து பல்லு. எறங்கி இந்தப் பக்கம் வா. நான் ஓட்டுறேன்."

"வேணாண்டா, பக்கத்துலதான்."

"மயக்கம் வர்றவன் ஓட்டக் கூடாது. சட்டம்டா அது. நிறுத்து."

ஜட்ஜுவின் கை ஸ்டியரிங்கை நோக்கி வந்தது. எதிரே பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். பல்லு பிரேக்கை அழுத்தி நின்றான். ஜட்ஜு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சிமிட்டும் ஒவ்வொரு விளக்குக்கும் பதில் சொல்லிக்கொண்டு போவதைப் பல்லு நினைத்துப் பார்த்தான். தள்ளுவண்டி மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது.

"மயக்கம்லாம் இல்லடா."

"இல்லயா?"

"இல்ல. சும்மா சொன்னேன்."

"அப்ப டாக்டரு யாருக்கு?"

பல்லு வாயைத் திறப்பதற்குள் ஜட்ஜு அவன் முகத்திலேயே பதிலைப் படித்துவிட்டான். பெல்ட்டைக் கழற்றினான். அது சுருண்டு உள்ளே போகும்வரை கையால் பிடித்துக்கொண்டிருந்தான். இறங்கினான். கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று அழுத்தியும் பார்த்தான். பிறகு வெள்ளைக் கோடுகளின் நடுவில் போய் நின்றுகொண்டான்.

எதிரே வந்த பேருந்து நின்றது. அதன் பின்னால் ஒரு கார், பிறகு ஒரு வேன். பல்லுவின் பின்னாலும் வரிசை சேர்ந்தது. ஊராக இருந்தால் இந்நேரம் வீட்டில் சொல்லிவிட்டு வந்துவிட்டாயா என்று நாலு பேர் கத்தியிருப்பார்கள். ஒருவன் இறங்கி வந்து தோளைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் உட்காரவைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருப்பான். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. லிஃப்ட் வருவதற்குக் காத்திருப்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்குப் பின்னாலிருந்த கார்க்காரர் போனை எடுத்துக் காதில் வைத்தார். யாரிடம் பேசுகிறார் என்று பல்லுவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு பேர், யூனிபார்ம், கையைக் கட்டி. கதவைத் திறக்க வேண்டிய கை எங்கேயோ தவறி, பத்து வருஷப் பழக்கத்தில், ஹாரனை அழுத்திவிட்டது.

எல்லா முகங்களும் பல்லுவின் பக்கம் திரும்பின. தள்ளுவண்டிப் பெண்கூட நடைபாதையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஜட்ஜுவும் பார்த்தான். அறை வாங்கியவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

பல்லு இறங்கினான். கோடுகளின் மேல் நடந்து அவன் முன்னால் போய் நின்றான்.

"எனக்காடா ஹாரன் அடிச்ச?"

"திட்டலடா. கூப்பிட்டேன். விடுதி வாசல்ல பைக்க நிறுத்திட்டு அடிப்பேன்ல, அந்த மாதிரி."

"நீ பொய் சொல்லுவேன்னு நான் நெனைக்கல."

"சொல்லிட்டேன். டாக்டரு உனக்குத்தான். நீ நல்லா இல்லடா ஜட்ஜு. அந்த லாரி நிக்காம போயிருந்தா? அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே கெடையாது. பயமா இருக்கு எனக்கு."

அவனைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பல்லு கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். மருத்துவமனைக் கட்டடத்தின் மேல்மாடிகள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. கார்க்காரர் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜட்ஜு பேருந்தைப் பார்த்தான். காரை, வேனைப் பார்த்தான். பிறகு திரும்பி, பல்லுவின் காருக்குப் பின்னால் நீண்ட வரிசையைக் கடைசிவரை பார்த்தான். இரண்டு பக்க வாதத்தையும் கேட்டு முடித்துவிட்டு, விடுதிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பானே, அந்தப் பார்வை.

"இவங்கள்லாம் ஏன்டா போகாம நிக்கிறாங்க?" என்றான். இதுவரை தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த ஒன்றை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான்.

"நாம நடுவுல நிக்கிறோம்ல. அதனாலதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜட்ஜுவின் உதடுகள் அசைந்தன. பேருந்து ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். அதைப் பார்த்துப் பின்னாலிருந்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்த, எங்கோ ஒரு வேலிக்குப் பின்னால் யாரோ செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற ஓசை கேட்டது. ஜட்ஜு வலது கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்தி, உள்ளங்கையைப் பேருந்துக்குக் காட்டினான். நன்றி சொல்கிறானா, நிற்கச் சொல்கிறானா என்று பக்கத்தில் நின்ற பல்லுவுக்குத் தெரியவில்லை. பேருந்து ஓட்டுநருக்கும் தெரிந்திருக்காது. அவர் சற்று யோசித்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கையையும் அதே உயரத்துக்கு மெல்லத் தூக்கினார்.