வாழை கட்டிய குழாய்

கள்ளக்குறிச்சி போர்வெல் தண்ணீரில் பஸ் கழுவிப் பார்த்தவனைக் கேளுங்கள், சொல்வான்: கழுவுவது ஒரு வேலையே இல்லை, காயவைப்பதுதான் வேலை. அத்தனை உப்பு. கண்ணாடியில் தங்குகிற ஒவ்வொரு சொட்டும் வெயில் பட்டதும் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். அப்புறம் துணியை வைத்துத் தேய் தேயென்று தேய்க்க வேண்டும். அதிலும் கல்வராயன் மலைக்குப் போய்விட்டு வருகிற பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். கரியாலூர் டிரிப் முடித்து இறங்கும்போது அதன் நிறமே செம்மண்ணாக மாறியிருக்கும்.

கந்தசாமி முதலாளிக்கு இப்படி மூன்று பஸ்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் அவருடைய ஷெட். அந்த ஷெட்டில், பஸ்ஸைத் தானே கழுவித் தானே காயவைக்கும் ஒரு மிஷினைச் செய்து வைக்கிறோம் என்று இரண்டு பைத்தியங்கள் கிளம்பின. ஒருவன் ஜுல்பிகர். கடைவீதியில் அவனுடைய அத்தா கரீம் பாய் விட்டுப்போன லேத்துப் பட்டறையை நடத்துகிறவன். இன்னொருவன் காசிநாதன். வடக்கனந்தல் விவசாயக் குடும்பம், டிப்ளமோ படித்தவன். பட்டறையில் அவன் கூலியாள் இல்லை, கூட்டாளி. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே வம்பு.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் நுழைகிற அளவுக்கு ஓர் இரும்பு வளைவு. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே நிற்கும் உருளைகள். நைலான் கயிற்றைப் பிரித்து, தலைமுடி மாதிரி அந்த உருளைகளில் நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். பஸ் உள்ளே நகர்ந்தால் மேலே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும், உருளைகள் சுழன்று தேய்க்கும், கடைசியில் ரைஸ் மில்லிலிருந்து வாங்கிவந்த பழைய பிளோயர் காற்றடித்துக் காயவைக்கும். "மலையிலேர்ந்து வர்ற மாப்ளைக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டி வுடுற மாமியாடா இது" என்பான் காசிநாதன்.

தேய்ப்பது சீக்கிரமே சரியாகிவிட்டது. காற்றுதான் படுத்தி எடுத்தது. பிளோயரின் வாய் அகலமாக இருந்ததால் சொட்டுகள் இங்கிருந்து அங்கே ஓடினவே தவிரக் கீழே விழவில்லை. சுடுகாற்று வைக்கலாமா என்று ஜுல்பிகர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். காசிநாதன் ஒருநாள் வீட்டு அடுப்படியிலிருந்து ஊதாங்குழலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"காத்து தொடைக்கக் கூடாது மச்சான், வழிக்கணும். வாயைச் சின்னதாக்கு."

தகரத்தைத் தட்டிப் பிளோயர் வாயை ஒரு நீளப் பிளவாக ஆக்கினார்கள். ஒரு ரூபாய்க் காசின் கனம்தான் இடைவெளி. அதையும் நேராக வைக்காமல், வருகிற பஸ்ஸுக்கு எதிராகச் சாய்த்து வைத்தார்கள். அன்றைக்குப் பஸ் வெளியே வந்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஜுல்பிகர் விரலால் தொட்டுப் பார்த்தான். ஈரமே இல்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, எதிர் டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு குறை மட்டும் மிச்சம் இருந்தது. பஸ் உள்ளே வந்ததும் ஒருவன் ஓடிப்போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். காசிநாதனுக்கு அது பிடிக்கவே இல்லை.

"பஸ்ஸு வந்தா அதுவா ஓடணும்டா. பொத்தான் அமுக்க ஒருத்தன் காத்துக்கினு நின்னா அது இன்னா ஆட்டோமேட்டிக்கு?"

"ஆவுற கதையைப் பேசு. இதுக்கே நாக்குத் தள்ளிப் போச்சி" என்று ஜுல்பிகர் அவன் வாயை அடைத்துவிட்டான்.

அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. காசிநாதனுக்கு இஞ்சினியரிங் காலேஜ் சீட்டு முன்பே ஒரு நூலிழையில் தவறிப்போயிருந்தது. அந்த வலி அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. சாலை மறியல் என்று அறிவிப்பு வந்ததும் கிளம்பிவிட்டான். ஜுல்பிகர் கெஞ்சிப் பார்த்தான்.

"மிசினு முடியட்டும்டா. அப்பறம் போய்க்கோ."

"சீட்டு கெடைக்காதவனுக்குத்தான் தெரியும் மச்சான் அந்த வலி. நீ பட்டறையைப் பாத்துக்க, வந்துர்றன்."

மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்ததில் ரோடு முழுக்க மரங்கள் விழுந்தன. சில மரங்கள் கரண்ட் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தன. பஸ்கள் ஷெட்டிலேயே கிடந்தன. காசிநாதனைப் பிடித்துக் கடலூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று சேதி வந்தது. ஜுல்பிகருக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி மெஹ்ராஜ் பேகம், "கூடப் பொறந்தவங்களுக்குக்கூட இப்பிடி ஏங்க மாட்டாங்க" என்று திட்டிக்கொண்டே தட்டை எடுத்துப்போவாள்.

ஏக்கத்தைக் கையால்தான் தீர்த்துக்கொள்ளத் தெரியும் அவனுக்கு. காசிநாதன் ஆசைப்பட்டதைச் செய்து முடித்துவிடுவது என்று உட்கார்ந்தான். வளைவின் வாசலில், பஸ்ஸின் முன்பக்கம் உரசுகிற இடத்தில், ஓர் இரும்புக் குழாயை நட்டான். அடியில் ஸ்பிரிங்கு. பஸ் தள்ளினால் குழாய் சாயும், சாய்ந்தால் கீழே இரண்டு செம்புத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மிஷின் ஓடும். பஸ் கடந்துபோனதும் குழாய் நிமிர்ந்துவிடும், மிஷின் நின்றுவிடும். பச்சைப் பொத்தான் வெறும் அலங்காரமாகிப் போனது. பார்ப்பவர்களுக்கு அந்தக் குழாய், பஸ் இடிக்காமல் இருக்க நட்ட காவல் கம்பம் மாதிரித்தான் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் வேறு அடித்தான். காசி வந்ததும் அவனைப் பஸ்ஸில் உட்காரவைத்து உள்ளே ஓட்டிப்போய், தானாக மிஷின் கிளம்புவதைக் காட்டி அவன் வாயைப் பிளக்கவைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அற்ப ஆசை. நண்பன் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கிற ஆசை.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் காசிநாதன் வந்து சேர்ந்தான். இளைத்திருந்தான். ஷெட்டுக்கு வந்து மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். ஜுல்பிகர் பொங்கி வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தான்; குழாயைப் பற்றி மூச்சு விடவில்லை. "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மொத பஸ்ல நீ உக்காந்து வர்ற" என்று மட்டும் சொன்னான். காசிநாதன் சிரித்துக்கொண்டே, "சரிங்க மொதலாளி" என்று வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் ஜுல்பிகர் எல்லோருக்கும் முன்னால் வந்து, மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு, குழாயைச் சாய்த்து ஓட்டிப் பார்த்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மறியலில் கம்பி அறுந்ததிலிருந்து ஊரில் இதே கதைதான். கரண்ட் போனால் யார் மெயினை இறக்குகிறார்கள்? அவனும் இறக்கவில்லை.

காசிநாதன் புது வேட்டி, புதுத் துண்டோடு வந்தான். கூட அவன் மனைவி ஜெயசுதா. கையில் சந்தனம், குங்குமம், பொரிகடலை. மாட்டு வண்டியில் குலை தள்ளிய வாழை இரண்டு வந்திறங்கின. ஆயுத பூசைக்கு வாசலில் வாழை கட்டாமல் எந்தப் பட்டறை இருக்கிறது? ஒன்றை இடப்பக்கம் இருந்த தூணில் கட்டினான். இன்னொன்றை வலப்பக்கம் கட்டினான். வலப்பக்கம் எங்கே? ஜுல்பிகர் நட்ட குழாயில்.

ஜுல்பிகர் பார்த்தான். குலையின் கனத்தில் குழாய் மெல்ல உள்பக்கம் சாய்ந்ததையும் பார்த்தான். அங்கே கட்டாதே என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்று கேட்பானே? கேட்டால் எல்லாவற்றையும் இப்போதே சொல்ல வேண்டி வருமே? அதுவுமில்லாமல், பூசைக்குக் கட்டிய வாழையை அவிழ்க்கச் சொல்வதா என்று ஒரு தயக்கம். கரண்ட்தான் இல்லையே, போய் மெயினை இறக்கிவிட்டால் போச்சு என்று நினைத்தான். மெயின் சுவிட்ச் உள்ள மிஷின் ரூம் ஷெட்டின் பின்கோடியில் இருந்தது. அதை நோக்கி நடந்தான். பாவி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்திருக்கக் கூடாதா!

பாதி வழியில் கந்தசாமி முதலாளி மறித்தார். கையில் பூசணிக்காய்.

"இன்னா பாய், இதை வாசல்ல ஒடைக்கலாமா, ரோட்டுல ஒடைக்கலாமா? ரோட்டுல ஒடைச்சா வழுக்கி வுழுவானுங்க, நம்மளைத் திட்டுவானுங்க..."

முதலாளி பேசும்போது பாதியில் நகர்ந்தால் மரியாதையா? ஜுல்பிகர் நின்றான். அவர் பூசணிக்காயை விட்டுவிட்டுச் சங்கராபுரம் ரோட்டில் இன்னும் அகற்றாமல் கிடக்கிற மரங்களைப் பற்றி ஆரம்பித்தார். ஜுல்பிகர் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டே மிஷின் ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் காசிநாதன் சந்தனக் கிண்ணத்தோடு இரண்டு உருளைகளுக்கும் நடுவே போய், உருளையின் தண்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. அவனுக்குத் தெரிந்த மிஷின், கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும், பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். அமுக்க ஆள் இல்லை. பயப்பட என்ன இருக்கிறது?

எதிர் டீக்கடை ரேடியோ திடீரென்று பாடியது. கரண்ட் வந்துவிட்டது.

ஜுல்பிகர் "காசீ!" என்று கத்தினான். கத்திக்கொண்டே மிஷின் ரூமுக்கு ஓடி மெயினை இழுத்துச் சாய்த்தான். உருளை அதற்குள் புதுத் துண்டைப் பிடித்திருந்தது. துண்டு காசிநாதன் கழுத்தில் இருந்தது. ஜெயசுதாவின் அலறல்தான் மற்றவர்களை உள்ளே இழுத்து வந்தது.

முதலாளியின் ஜீப்பில் அவனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "மச்சான், மச்சான்" என்று ஜுல்பிகர் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தான் செய்த மிஷினைப் பற்றியே தெரியாதவன், மெயினை இறக்காமல் உள்ளே போயிருக்கிறான் என்றார்கள். ஜெயிலுக்குப் போய் வந்தவன், புத்தி ஒரு நிலையில் இல்லை என்றார்கள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பான் என்றுகூட ஒருவன் சொன்னான். காசிநாதன் சாராய வாடையே ஆகாதவன். கந்தசாமி முதலாளி விசாரிக்க வந்தவர்களிடம், "அவன் கவனக்கொறைவுங்க, யாரை இன்னா சொல்றது" என்றார். யாரும் ஜுல்பிகரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதுகில் தட்டி, "நீ இன்னா பண்ணுவ, விதி" என்றார்கள். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் அவனுக்கு அடியாக விழுந்தது. செத்தவன் தலையில் பழியைக் கட்டிவிட்டு, தான் நல்லவனாக நடமாடுகிறோமே என்று புழுங்கினான். வாயைத் திறந்தால் போலீஸ், கேஸ், பட்டறைக்குப் பூட்டு. மெஹ்ராஜ் பேகம் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுவா இருந்தாலும் அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லிடுங்க. இல்லாட்டி நீங்க உருப்பட மாட்டீங்க" என்றாள்.

கருமாதி முடிந்த மறுநாள் வடக்கனந்தலுக்குப் போனான். வெறும் நெற்றியோடு ஜெயசுதா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். "வாங்கண்ணா" என்று எழுந்தாள். "துன்னீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே அவன் உடைந்துபோனான்.

"தங்கச்சி, காசி மேல தப்பே இல்லம்மா. நான்தான். அந்தக் கொழாய் காவலுக்கு நட்டது இல்ல. அது சாஞ்சா மிசினு ஓடும். அவன் ஆசைப்பட்டானேன்னு செஞ்சன். பூசை முடிஞ்சதும் காட்டணும்னு சொல்லாம வெச்சிருந்தன். வாழையைக் கட்டும்போதும் பாத்தம்மா. பாத்துக்கினே சும்மா இருந்துட்டன். எல்லாருகிட்டயும் சொல்லப்போறன். அவனை ஒருத்தனும் கொறை சொல்லக் கூடாது. அதுக்கு முன்னாடி உங்கிட்டச் சொல்லணும்னு வந்தன். நீ இன்னா வேணா சொல்லு. அடிக்கணும்னா அடி."

ஜெயசுதா அடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அவருக்குத் தெரியுங்கண்ணா."

ஜுல்பிகர் நிமிர்ந்தான்.

"ஜெயில்லேர்ந்து வந்த அன்னிக்குச் சோறு துன்னும்போது சொன்னாரு. 'வாசல்ல புதுசா ஒரு கொழாய் நட்டுப் பெயின்ட் அடிச்சி வெச்சிருக்கான் ஜுல்பி. அதுல இன்னாமோ பண்ணியிருக்கான், இன்னான்னுதான் புரியல. மறைக்கத் தெரியாம மூஞ்சி முழுக்கச் சிரிப்பு வழியுது. நாந்தான் கண்டுக்காத மாதிரி வந்துட்டன். கேட்டுட்டா பாவம், அவனுக்குச் சப்புன்னு பூடும். நாளைக்கு அவனே காட்டட்டும்'னாரு. காலையில வாழையை அந்தக் கொழாய்ல கட்டும்போதுகூட என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு. சந்தேகம் வந்ததாக் காட்டிக்கக் கூடாதுன்னுதான் அங்கியே கட்டுனாரு."

ஜுல்பிகர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவரு கேட்டிருக்கலாம் இல்லங்கண்ணா?" என்றாள் ஜெயசுதா. குரல் அப்போதுதான் உடைந்தது. "'இது இன்னாடா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"